தலையிலிருந்து இதயத்துக்கு ஒரு குழாய்

அரும்பாவூரில் ஒரு மரச்சிற்பத் தொழிலாளிக்குக் கொஞ்ச தூரம் நடந்தாலே மூச்சு வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். காரணம் தேடி யாரும் அலைய வேண்டியதில்லை. பச்சைமலை அடிவாரத்து ஊர் அது. மரத்தில் சாமி உருவங்கள் செதுக்குவதில் பேர்பெற்றது. 2020-ல் அரும்பாவூர் மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பட்டறை முழுக்க மரத்தூள் பறக்கும். ‘தூசி ஒத்துக்கல, அதான் இழுக்குது’ என்று வீட்டிலேயே தீர்ப்பு வந்துவிடும். கிழக்கே அரியலூர்ப் பக்கம் என்றால் சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமென்ட் ஆலையும் பழியை ஏற்றுக்கொள்ளும். பெண்ணாக இருந்தால் ரத்தம் கம்மி. இருமலும் சேர்ந்தால் சளிப் பரிசோதனை. ஒன்றும் தப்பான சந்தேகமில்லை. பெரும்பாலும் இவற்றில் ஏதோ ஒன்றுதான் காரணமாகவும் இருக்கும்.

எதிலும் அடங்காத ஒருவர் எப்போதாவது வருவார். மார்பு எக்ஸ்ரேயில் நுரையீரல் சுத்தம். சளியில் கிருமி இல்லை. ஆஸ்துமா மருந்தை இழுத்துப் பார்த்தும் பலனில்லை. அவருடைய காதுக்குப் பின்னால் முடியை ஒதுக்கி விரலால் தடவினால், தோலுக்கடியில் சின்னதாக ஒரு மேடு தட்டுப்படும். அங்கிருந்து கழுத்து வழியாகக் கயிறுபோல ஏதோ இறங்கும். கைக்குழந்தையாக இருந்தபோது தலையில் நீர் கோத்து, அதை வடிக்க வைத்த குழாய் அது. பிழைத்தார், படித்தார், தொழில் கற்றார், குழாயை மறந்தார். இந்த அத்தியாயம் அவரைப் போன்றவர்களைப் பற்றியது.

மூளைக்குள் நான்கு அறைகள் உண்டு. அவற்றின் சுவரில் தொங்கும் ரத்தநாளப் பின்னல்கள் ஒரு நாளைக்கு ஏறத்தாழ அரை லிட்டர் தெளிந்த நீரைச் சுரக்கின்றன. ஆனால் வளர்ந்த மனிதருக்கு எந்த நேரத்திலும் தலையிலும் தண்டுவடத்திலும் சேர்த்து இருப்பது சுமார் 150 மில்லிலிட்டர்தான். அதாவது அந்த நீர் தினமும் மூன்று தடவைக்கு மேல் புதிதாகிறது. பழையது மூளையின் மேற்பரப்பில் உள்ள பெரிய சிரைகளுக்குள் கசிந்து ரத்தத்தில் கலந்துவிடுகிறது. போகும் வழி அடைபட்டாலும் சுரப்பது நிற்பதில்லை என்பதுதான் சிக்கல். பிறவிக் கோளாறு, மூளைக்காய்ச்சல், கட்டி, குறைமாதக் குழந்தையின் மூளைக்குள் ரத்தக்கசிவு என்று அடைப்புக்குப் பல காரணங்கள். மண்டை ஓட்டின் எலும்புகள் இன்னும் சேராத குழந்தைக்குத் தலை பெருக்கும். சேர்ந்துவிட்டவருக்குத் தலை பெருக்க வழியில்லை, மூளை நசுங்கும்.

சேர்ந்த நீரை ஊசியால் எடுத்தால் மறுநாளே மீண்டும் சேரும். அதனால் வேறு எங்காவது நிரந்தரமாக வடித்துவிட வேண்டும். எங்கே வடிப்பது? சிறுநீரகக் குழாய், மார்புக்கூடு, பித்தப்பை என்று அறுவை மருத்துவர்கள் விட்டுவைக்காத இடமில்லை. யோசித்துப் பார்த்தால் ரத்தம்தான் பொருத்தமான இடம். இயற்கையும் அங்கேதானே அனுப்புகிறது? ஆனால் ரத்தத்தோடு இணைத்தால் இருமும்போதும் அழும்போதும் ரத்தம் எதிர்த்திசையில் ஏறி மூளைக்குள் போய்விடும்; குழாயிலேயே உறைந்தும்விடும். ஒருவழி வால்வு இல்லாமல் காரியம் நடக்காது. 1949-ல் அமெரிக்காவில் நல்சனும் ஸ்பிட்ஸும் அப்படியொரு வால்வைப் பொருத்திக் காட்டினார்கள். அதை நம்பகமான பண்டமாக மாற்றியவர் மருத்துவரே அல்ல. ஜான் ஹோல்டர், பூட்டு நிறுவனம் ஒன்றில் கருவிப் பட்டறைத் தொழிலாளி. 1955-ல் அவருடைய மகன் முதுகுத்தண்டு மூடாமலும் தலையில் நீர் கோத்தும் பிறந்தான். ஸ்பிட்ஸிடம் சிக்கல் என்னவென்று கேட்டுக்கொண்டு, அப்போதுதான் மருத்துவத்துக்குள் நுழைந்திருந்த சிலிக்கான் ரப்பரில் வால்வு செய்தார் ஹோல்டர். 1956-ல் ஸ்பிட்ஸ்–ஹோல்டர் வால்வு மனித உடலுக்குள் போனது. அதே காலத்தில் கலிபோர்னியாவில் புடென்ஸ் என்பவரும் தனியாக ஒரு வால்வு செய்தார். அதுவரை பெரும்பாலும் சாகக் கொடுத்த குழந்தைகள் பிழைக்க ஆரம்பித்தார்கள். பின்னால் சொல்லப்போகும் ஆபத்துகளைப் படிக்கும்போது இதை மறந்துவிடக் கூடாது. பிழைத்தவர்களுக்குத்தான் பிற்காலச் சிக்கல் வர முடியும்.

அந்தக் காலத்து வழக்கமான பாதை இது. மண்டை ஓட்டில் துளையிட்டு மூளை அறைக்குள் குழாய் நுழையும். காதுக்குப் பின்னால் வால்வு இருக்கும். அங்கிருந்து தோலுக்கடியில் கழுத்துக்கு இறங்கி, கழுத்துச் சிரைக்குள் புகுந்து, மேற்பெருஞ்சிரை வழியாக இதயத்தின் வலது மேலறையில் நுனி நிற்கும். நுனி சரியான இடத்தில்தான் நிற்கிறதா என்று பார்க்க ஈ.சி.ஜி.யையே பயன்படுத்தினார்கள். குழாய்க்குள் உப்புநீரை நிரப்பி அதையே மின்முனையாக்கினால், நுனி மேலறைக்குள் நுழையும்போது பி அலை மேலும் கீழுமாக இரட்டை வடிவம் எடுக்கும். எக்ஸ்ரேயில் பார்த்தால் மார்பின் ஆறாவது, ஏழாவது முள்ளெலும்புகளின் மட்டம். அங்கே ரத்தம் சுழன்று ஓடிக்கொண்டே இருப்பதால் நுனியில் எதுவும் படியாது என்பது கணக்கு.

மூளையின் நீரை எல்லாம் இதயத்தில் கொட்டினால் இதயம் தாங்குமா என்பதுதான் யாருக்கும் முதலில் தோன்றும். தாங்கும். மணிக்கு 20 மில்லிலிட்டர், அதாவது நான்கு தேக்கரண்டி. இதயமோ நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் ரத்தத்தை இறைக்கிறது. அந்த நீர் அதற்குக் கணக்கிலேயே வராது. சிக்கல் நீரால் வருவதில்லை. ஓடும் ரத்தத்துக்கு நடுவில் ஆண்டுக்கணக்காக ஒரு அந்நியப் பொருள் நுனி நீட்டிக்கொண்டு கிடக்கிறது. அதனால்தான் வருகிறது.

ரத்தம் தன் நாளத்தின் உள்தோலைத் தவிர வேறு எதைத் தொட்டாலும் உறைய முயலும். சிலிக்கான் வழுவழுப்பானதுதான், ஆனாலும் அதன்மேல் சில மணி நேரத்திலேயே புரதப் படலம் படிந்துவிடும். ஒவ்வொரு துடிப்பிலும் நுனி மேலறைச் சுவரில் மெல்ல உரசும். உரசிய இடத்தில் உள்தோல் தேயும். தேய்ந்த இடத்தில் தட்டணுக்கள் ஒட்டும். மூளைத் திசுவில் ரத்தத்தை உறையவைக்கும் காரணிகள் ஏராளம் என்பதால், அந்த நீரும் இதற்குத் துணைபோகலாம் என்று சில ஆய்வாளர்கள் சந்தேகிக்கிறார்கள். ஆக, நுனியில் சிறு உறைகட்டி உருவாகிறது. அது பெரிதானால் குழாயை அடைக்கும். தலைவலி, வாந்தி என்று உடனே தெரிந்துவிடும். அப்படி அடைபடுவதுகூட ஒருவகையில் நல்லதுதான். பெரிதாகாமல் துகள் துகளாக உதிர்ந்தால்தான் ஆபத்து. இதயத்தின் வலது பக்கத்திலிருந்து கிளம்பும் எதுவும் போய்ச் சேரும் இடம் ஒன்றே ஒன்றுதான்: நுரையீரல்.

நுரையீரல் வழக்கத்துக்கு மாறாகப் பொறுமையான உறுப்பு. அதன் ரத்தநாளப் பின்னலில் பாதிக்கு அருகில் அடைபடும்வரை ஓய்வாக இருக்கும் மனிதருக்கு எதுவும் தெரியாது. பொதுவாகச் சின்ன உறைகட்டிகளை உடலே கரைத்துவிடும். வாரம் ஒன்று வந்து, கரைவதற்குள் அடுத்தது வந்தால், கரையாதவை நாளச் சுவரோடு ஒட்டி நாராக மாறும். பாசன வாய்க்காலில் வண்டல் படிவதுபோல ஆண்டுக்கு ஆண்டு உள்ளளவு குறையும். அடைபடாத நாளங்களுக்கும் நிம்மதியில்லை. மொத்த ரத்தமும் அவற்றின் வழியாகவே போக வேண்டியிருப்பதால், அழுத்தம் தாங்காமல் அவற்றின் சுவர் தடிக்கத் தொடங்கும். நுரையீரல் தமனியில் சராசரி அழுத்தம் 20 மில்லிமீட்டருக்கு மேல் போனாலே நோய் என்கிறது இன்றைய வரையறை. குறைந்த அழுத்தத்துக்குப் பழகிய இதயத்தின் வலது கீழறையின் சுவர் மெல்லியது. அது முதலில் தடிக்கும், பிறகு விரியும், கடைசியில் தோற்கும். அப்போதுதான் கால் வீங்கும், வயிற்றில் நீர் சேரும், கழுத்துச் சிரை புடைக்கும். குழாய் வைத்ததற்கும் இதற்கும் நடுவில் பத்து, இருபது ஆண்டுகள்கூட ஓடியிருக்கும்.

இது யாருக்கும் தெரியாமல் இருந்ததில்லை. பிறவி முதுகுத்தண்டுக் கோளாறு உள்ள குழந்தைகள் ஏராளமாகச் சிகிச்சை பெற்ற இங்கிலாந்தின் ஷெஃபீல்டில், 1961-லேயே எமெரியும் ஹில்டனும் இதயக் குழாய் வைத்த குழந்தைகளின் நுரையீரலிலும் இதயத்திலும் நேர்ந்த கோளாறுகளை விவரித்து எழுதிவிட்டார்கள். வால்வு வந்து அப்போது ஐந்து ஆண்டுகள்தான் ஆகியிருந்தது. நோய்க்கூற்றியல் மேசையில் முதல் நாளே தெரிந்த சங்கதி, வெளிநோயாளர் அறைக்கு வந்துசேர மட்டும் ஏனோ எப்போதும் தாமதமாகிறது. பின்னாளில் ஐரோப்பிய மையங்கள் இப்படி உறைகட்டிகள் அடைத்து நுரையீரல் அழுத்தம் ஏறிய நோயாளிகளின் முந்தைய மருத்துவ வரலாற்றைத் தோண்டியபோது, மண்ணீரலை எடுத்தவர்கள், குடலில் நாள்பட்ட அழற்சி உள்ளவர்கள் ஆகியோருடன் மூளை–இதயக் குழாய் வைத்தவர்களும் தனித்துத் தெரிந்தார்கள். அந்தப் பட்டியலில் மிக வலுவான தொடர்புகளில் ஒன்று இந்தக் குழாய்.

கிருமிகளின் பங்கு தனிக் கதை. நம் தோலில் சாதுவாக வாழும் ஸ்டஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ், அறுவையின்போது குழாயோடு உள்ளே போய்விட்டால், சிலிக்கான்மேல் பிசின் போன்ற படலம் கட்டிக்கொண்டு அதற்குள் ஒளிந்துகொள்ளும். ரத்தத்தில் கொஞ்சம் கொஞ்சமாக உதிரும். நல்ல காய்ச்சல் அடித்தால் கண்டுபிடித்துவிடலாம். பல நேரம் அடிக்காது. மாதக்கணக்கில் உடம்பு முடியாமல் இருக்கும், எடை குறையும், ரத்தம் வெளுக்கும். இதய வால்வில் படிந்து அதையும் அரிக்கலாம். உறைகட்டியில் இந்தக் கிருமி கலந்திருந்தால் அது கரைவது தாமதமாகிறது என்று விலங்குச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. நுரையீரல் கதையோடு இது இணையும் இடம் இதுதான். எல்லாவற்றையும்விட விசித்திரமானது சிறுநீரகம். கிருமிக்கு எதிராக உடல் செய்யும் எதிர்ப்பொருள் கிருமித் துணுக்கோடு சேர்ந்து சிறுநீரக வடிகட்டிகளில் போய்ப் படியும். சிறுநீரில் ரத்தமும் புரதமும் போகும், முகம் வீங்கும். 1965-ல் விவரிக்கப்பட்ட இந்த நிலைக்கு மருத்துவ நூல்களில் ‘ஷன்ட் நெஃப்ரைட்டிஸ்’ என்று பெயர். சிறுநீரக மருத்துவர் எவ்வளவு மருந்து கொடுத்தாலும் குணமாகாது. தலையில் இருக்கும் குழாயை எடுத்தால்தான் பெரும்பாலும் குணமாகும். ஒரு துறையின் நோய்க்கு இன்னொரு துறையின் கத்தி வேண்டியிருக்கிறது.

குழந்தைகளுக்கு இன்னொரு சங்கடம்: அவர்கள் வளர்வார்கள். இரண்டு வயதில் சரியாக மேலறையில் நின்ற நுனி, உயரம் கூடக்கூட மேலே இழுபட்டுப் பெருஞ்சிரைக்குள் ஏறிவிடும். அங்கே உரசலும் உறைதலும் அதிகம். ஆகவே அவ்வப்போது திறந்து குழாயை நீட்ட வேண்டும். வயிற்றுக்குள் விட்டால் இந்தத் தொல்லை இல்லை. கூடுதல் குழாயைச் சுருட்டிக் குடலுக்கிடையே விட்டுவிடலாம். குழந்தை வளர வளர அது அவிழ்ந்து கொடுக்கும். வயிற்று உறையும் நீரை நன்றாக உறிஞ்சும். 1970-களில் உலகம் முழுவதும் வயிற்றுக்கு மாறியதில் இதய ஆபத்துக்கு எவ்வளவு பங்கோ, இந்த வசதிக்கும் அவ்வளவு பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

இந்தியாவுக்கு வருவோம். இங்கே தலையில் நீர் கோப்பதற்கு மேற்கில் அவ்வளவாக இல்லாத ஒரு பெரிய காரணம் உண்டு: காசநோய் மூளைக்காய்ச்சல். மூளையின் அடித்தளத்தில் கோந்துபோலப் படியும் கசிவு, நீர் போகும் வழிகளை மூடிவிடும். அந்த நோயாளிகளுக்கு இதயக் குழாய் வைத்த அனுபவத்தை பம்பாயின் நரம்பியல் அறுவை மருத்துவர் எஸ்.என். பகவதி 1971-ல் வெளியிட்டார். காசநோய்க் கிருமி மிதக்கும் நீரை நேராக ரத்தத்தில் விடுவதா என்று படிக்கும் யாருக்கும் நெஞ்சு படபடக்கும். மருந்துப் பாதுகாப்போடுதான் அதைச் செய்ய முடியும். இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறை 1949-ல் ஜேக்கப் சாண்டியால் வேலூர் சி.எம்.சி.யில் தொடங்கப்பட்டது. அந்தத் துறையினர் 1975 முதல் 1986 வரை குழாய் வைத்த 114 காசநோய் மூளைக்காய்ச்சல் நோயாளிகளை நீண்டகாலம் தொடர்ந்து கவனித்து 1991-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். அறுவைக்கு முன் நினைவு எவ்வளவு தெளிவாக இருந்தது என்பதை வைத்து நான்கு படிகளாகப் பிரித்தார்கள். முதல் படியில் 20 விழுக்காட்டினர் இறந்தார்கள். நான்காம் படியில் ஒருவரும் பிழைக்கவில்லை. அந்தப் பிரிப்பு இன்றும் உலகெங்கும் ‘வேலூர் தரப்பிரிப்பு’ என்றே வழங்குகிறது. இப்படிப்பட்ட நோயாளிக்கு இருபது ஆண்டுக்குப் பிறகு நுரையீரல் என்ன ஆகும் என்று யோசிக்க அன்று யாருக்கும் நேரமில்லை. இருந்திருக்கவும் முடியாது.

குழாயின் விலையும் இங்கே பெரும் தடையாக இருந்தது. டெல்லி எய்ம்ஸின் குழந்தைகள் அறுவை மருத்துவர் உபாத்யாயா உள்நாட்டிலேயே ஒரு குழாயை வடிவமைத்தார். பிறகு லக்னோவின் டி.கே. சாப்ரா வடிவமைத்து, உத்தரப் பிரதேசத்தின் ஷாஜகான்பூரில் தயாராகும் குழாய் பரவலானது. உகாண்டாவில் 195 குழந்தைகளிடம் சாப்ரா குழாயையும் விலை உயர்ந்த அமெரிக்கக் குழாயையும் நரம்பியல் அறுவை மருத்துவர் பெஞ்சமின் வார்ஃப் ஒப்பிட்டு 2005-ல் எழுதினார். அப்போது சாப்ரா குழாய் 35 டாலர், மற்றது 650. ஓராண்டு முடிவில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

வயிற்றுக்கு மாறிய பிறகு இதயக் கதை முடிந்துவிட்டதா? இல்லை. வயிற்றில் காசநோய் வந்து குடல்கள் ஒட்டிக்கொண்டவர், பலமுறை வயிற்றறுவை ஆனவர், குழாய் நுனியைச் சுற்றி நீர்ப்பை கட்டியவர் ஆகியோருக்கு மருத்துவர்கள் இன்றும் இதயத்தைத்தான் நாடுகிறார்கள். முதியவர்களுக்கு நடை தள்ளாடி, மறதி வந்து, சிறுநீர் அடங்காமல் போகும் ஒருவகை நீர்க்கோப்பில் இதயக் குழாயைப் பல மையங்கள் மறுபடி விரும்பத் தொடங்கியிருக்கின்றன. ஸ்கேன் பார்த்து ஊசியாலேயே சிரைக்குள் நுழைய முடிகிறது. அவர்கள் இனி வளரப்போவதும் இல்லை. அவர்களைப் பொறுத்தவரை அது நியாயமான கணக்குதான்.

வயிற்றுக்கென்று வைத்த குழாயே இதயத்துக்குப் போன அதிசயமும் உண்டு. தோலுக்கடியில் கழுத்து வழியாகக் கம்பியைச் செலுத்திப் பாதை போடும்போது, அது கழுத்துச் சிரையைக் குத்திவிட்டுப் போயிருக்கும். அப்போது தெரியாது. நாளடைவில் மூச்சிழுக்கும்போது மார்புக்குள் ஏற்படும் உறிஞ்சலும் ரத்த ஓட்டமும் சேர்ந்து, குழாயை வயிற்றிலிருந்தே மேலே இழுத்து, சிரைக்குள் கொண்டுபோய், இதயம் தாண்டி நுரையீரல் தமனிவரை சேர்த்துவிடும். அரிது, ஆனால் ஒன்றிரண்டு அல்ல, பல நாடுகளிலிருந்து பதிவாகியிருக்கிறது.

கண்டுபிடித்துவிட்டால் வழி உண்டா? முதலில் எக்கோ, அதில் வலது இதயத்தின் அழுத்தம் உத்தேசமாகத் தெரியும், நுனியில் தொங்கும் கட்டியும் தெரியலாம். பிறகு நுரையீரலின் எந்தப் பகுதிக்குக் காற்று போயும் ரத்தம் போகவில்லை என்று காட்டும் கதிரியக்க ஸ்கேன். கடைசியில் இதயத்துக்குள் குழாய் விட்டு நேராக அழுத்தம் அளப்பது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை வாழ்நாள் முழுக்க. மூளைக் குழாயை வயிற்றுக்கு மாற்றுவார்கள். அல்லது எண்டோஸ்கோப்பால் மூளை அறையின் தளத்தில் ஒரு துளையிட்டுக் குழாயே தேவைப்படாமல் செய்ய முடியுமா என்று பார்ப்பார்கள். பெரிய தமனிகளில் நார்க்கட்டி இருந்தால், உடலை 20 டிகிரிக்கு அருகில் குளிர்வித்து, ரத்த ஓட்டத்தையே சில நிமிடங்கள் நிறுத்தி, தமனியின் உள்பட்டையோடு அதை உரித்தெடுக்கும் அறுவை இருக்கிறது. சான் டியாகோவில் வளர்ந்த கலை. இந்தியாவில் சில பெரிய இதய மையங்கள் செய்கின்றன. மூளைக் குழாய்க்காரர்களின் துரதிர்ஷ்டம், அவர்களுக்கு அடைப்பு பெரும்பாலும் கத்தி எட்டாத சின்ன நாளங்களில் இருப்பது. அவர்களுக்கு நாளத்தை விரிக்கும் பலூன் சிகிச்சையும் ரியோசிகுவாட் போன்ற மாத்திரைகளும். குழாயை எடுத்தால் புதுத் துகள்கள் வருவது நிற்கும். ஏற்கெனவே தடித்த நாளம் பழைய நிலைக்கு வராது. அதனால்தான் முன்கூட்டியே தெரிவது முக்கியம். இதயக் குழாய் உள்ளவருக்கு மூச்சு வாங்காவிட்டாலும் அவ்வப்போது ஒரு எக்கோ எடுத்துப் பார்ப்பது பெரிய செலவல்ல.

அரும்பாவூரிலிருந்து பெரம்பலூர் அரசுத் தலைமை மருத்துவமனை. அங்கிருந்து நெடுஞ்சாலையில் திருச்சி. இந்தப் பயணத்தில் சிற்பத் தொழிலாளி எடுத்துப்போகும் பையில் பழைய மாத்திரை அட்டையும் எக்ஸ்ரேயும் இருக்கும். முப்பது ஆண்டுக்கு முந்தைய அறுவைச் சீட்டு இருக்காது. வைத்த ஆண்டும் மருத்துவமனையும் ஒருவேளை அவருடைய அம்மாவுக்கு நினைவிருக்கும். இதயத்துக்கா வயிற்றுக்கா என்பது அம்மாவுக்கும் தெரியாமலிருக்கலாம். தெரிந்துகொள்ள எளிய வழி ஒன்று இருக்கிறது. குழாயின் சிலிக்கானில் எக்ஸ்ரேக்குத் தெரிவதற்காகப் பேரியம் கலந்திருப்பார்கள். கழுத்தும் மார்பும் வயிறும் வரும்படி படமெடுத்தால் குழாய் வெள்ளைக் கோடாக விழும். விலா எலும்புகளுக்கு மேலாகச் சரிந்து அடிவயிற்றில் சுருண்டு கிடந்தால் வயிற்றுக் குழாய். கழுத்திலிருந்து உள்நோக்கித் திரும்பி இதய நிழலுக்குள் முடிந்தால், அவரை அனுப்ப வேண்டியது நெஞ்சுநோய்ப் பிரிவுக்கு மட்டுமல்ல.